மிஞ்சின பெயிண்ட்டை அங்கணத்துல ஊத்திராதீங்க

தங்கச்சி கல்யாணத்துக்காக வீட்டுக்கு பெயிண்ட் அடிச்சு முடிச்சு, பெயிண்டர் அண்ணாச்சி கணக்கு தீத்துட்டு ஏணியையும் தூக்கிட்டுப் போனப்புறம் மாடிப்படிக்கு அடியில எட்டிப் பாத்தா பதினோரு டப்பா உக்காந்திருக்கு. இருபது லிட்டர் வெள்ளை எமல்ஷன் பக்கெட்டுல அடியில ஒரு மூணு லிட்டர், பட்டாசலுக்கு (ஹாலுக்கு) அடிச்ச சந்தன கலர் நாலு லிட்டர் டப்பால பாதி, வெளிச்சுவருக்கு வாங்குன எக்ஸ்டீரியர் கொஞ்சம், கதவுக்கு அடிச்ச பிரவுன் எனாமல் ரெண்டு டப்பா, கிரில்லுக்கு வாங்குன கருப்பு, ரெட் ஆக்சைடு, வுட் பிரைமர், வார்னிஷ், டர்பன்டைன் கேன் ஒண்ணு, ஸ்ப்ரே டப்பா ஒண்ணு. இது போக பாதி மூட்டை பட்டி வேற. எல்லாம் காசு குடுத்து வாங்குனது, தூக்கிப் போட மனசு வராது, வச்சிக்க எடமும் கிடையாது, என்னத்த செய்ய.

நம்ம வீடுகள்ல வழக்கமா என்ன நடக்கும்னா அது அப்பிடியே படிக்கு அடியிலயே கெடக்கும், அடுத்த தடவ பெயிண்ட் அடிக்கும்போது தொறந்து பாத்தா மேல தோல் கட்டி அடியில கல்லாயிருக்கும். எங்க வீட்லயும் அப்பிடித்தான் வச்சிருந்தோம், 2023 டிசம்பர் வரைக்கும். அந்த 17, 18 தேதியில பெஞ்ச மழைய நம்ம பக்கத்துக்காரங்க யாரும் மறந்திருக்க மாட்டாவ. எங்க வீடு திருநெல்வேலி வண்ணார்பேட்டை பக்கம், தாமிரபரணி ஆத்துத் தண்ணி உள்ள வந்து இடுப்பளவு நின்னுச்சு. தண்ணி வடிஞ்சு போயி பாத்தா படிக்கு அடியில இருந்த பழைய டப்பாவெல்லாம் மெதந்து போயி ஒண்ணு அடுக்களையில கெடக்கு, ஒண்ணு கட்டிலுக்கு அடியில கெடக்கு, எனாமல் டப்பா ஒண்ணு மூடி கழண்டு அந்த எண்ணெயெல்லாம் தண்ணி மேல பரவி, நாலு சுவர்லயும் இடுப்பு ஒசரத்துல பிரவுன் கலர்ல கோடு போட்டு வச்சிருக்கு. சேறு கழுவக் கழுவ போயிட்டு, அந்தக் கோடு போகல. அம்மா அதப் பாத்துட்டு, "வெள்ளம் போனாலும் இந்த சவம் போவமாட்டேங்கேல"ன்னாவ. அதனால இந்தத் தடவ ஒரு மாசத்துக்குள்ள எல்லாத்தையும் ஒரு வழி பண்ணிரணும்னு உக்காந்தேன். அப்ப கத்துக்கிட்டதத்தான் இதுல எழுதுதேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிருதேன். மிஞ்சினத புறவாசல்ல ஊத்துற பழக்கம் நமக்கு எங்கருந்து வந்துச்சுன்னா அது சுண்ணாம்பு காலத்துப் பழக்கம். எதுத்த வீட்டு ஆச்சிட்ட கேட்டா கதை கதையா சொல்லுவாவ, பொங்கலுக்கு முன்ன கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கியாந்து பானையில தண்ணி ஊத்தி கொதிக்க விட்டு, கொஞ்சம் நீலம் கலந்து, மட்டையை நசுக்கி அதவச்சே வெள்ளையடிச்சு, மிஞ்சினத தென்னந்தூருல ஊத்திருவாவளாம். அது சரிதான், சுண்ணாம்பு காத்துபட காத்துபட மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாவே மாறிரும், மண்ணுக்கு அது புது ஆளில்ல. ஆனா இப்ப நாம அடிக்கிற எமல்ஷன் தண்ணியில கரைச்ச பிளாஸ்டிக் மாதிரி, அக்ரிலிக். காஞ்சா ஏடு ஏடா உரிஞ்சு வரும், மக்காது. பூஞ்சை புடிக்காம இருக்க மருந்து வேற கலந்திருப்பாங்க. எனாமல் வார்னிஷ்லாம் இன்னும் மோசம், அதுல கரைப்பான் எண்ணெய் இருக்கு. ஆச்சி கை இன்னமும் சுண்ணாம்புக் காலத்துலதான் இருக்கு, எமல்ஷன் பக்கெட்ட கழுவுன தண்ணிய கருவேப்பிலை மூட்டுல ஊத்தப் போனாவ, நான் ஓடிப்போயி புடிங்கிக்கிட்டேன்.

சாக்கடையில ஊத்துனா என்னன்னு கேட்டா, நம்ம ஊர்ல தெரு ஓடைங்கிறது எங்க போவுதுன்னு ஒரு தடவ பின்னாலயே நடந்து பாருங்க. டவுன்ல நயினார்குளம், பாளையில பாளையங்கால்வாய், எல்லாம் சுத்தி வளைச்சு ஆத்துத் தண்ணியோட சேந்ததுதான். அதே ஆத்துக்குள்ளதான் உறை கிணறு போட்டு நெல்லை, தூத்துக்குடி ரெண்டு ஜில்லாவுக்கும் குடிக்கத் தண்ணி எடுக்காவ. கக்கூஸ்ல ஊத்துனா செப்டிக் டேங்க் இருக்கிற வீடா இருந்தா அதுல அழுக்க திங்கிற பாக்டீரியாவுக்கு ஆகாது, எமல்ஷன் குழாய்க்குள்ள படிஞ்சு அடைப்பும் ஆகும். அங்கணக்குழியில ஊத்துறதும் இதே கததான்.

தண்ணி பெயிண்டா எண்ணெய் பெயிண்டா

எந்த டப்பாவ எப்பிடி கழிக்கணும்ங்கிறது இந்த ஒரு கேள்வியிலதான் இருக்கு. டப்பா பின்னால பொடி எழுத்துல எதக் கலந்து அடிக்கணும்னு போட்டிருக்கும். தண்ணின்னு போட்டிருந்தா எமல்ஷன், டிஸ்டெம்பர், தண்ணி பிரைமர் வகை. டர்பன்டைன், தின்னர்னு போட்டிருந்தா எண்ணெய் வகை, எனாமல், வார்னிஷ், ரெட் ஆக்சைடு, மரத்துக்கு அடிக்கிற பாலிஷ் எல்லாம் இதுல வரும். லேபிள் கிழிஞ்சு போச்சா, ஒரு குச்சில தொட்டு ஒரு டம்ளர் தண்ணியில விட்டுப் பாருங்க (அந்த டம்ளர அப்புறம் அடுக்களைக்கு கொண்டு போயிராதீங்க), பால் மாதிரி கலங்குச்சுன்னா தண்ணி வகை, கலக்காம திட்டு திட்டா மெதந்தா எண்ணெய் வகை. பிரைமர்லதான் ஏமாந்துருவோம், ரெண்டு வகையும் உண்டு. எங்க வீட்ல இருந்த வுட் பிரைமர் எண்ணெய் வகை, நான் வெள்ளையா இருக்கேன்னு தண்ணி வகைன்னு நெனச்சுட்டேன்.

ரெண்டையும் ஒண்ணா ஊத்தி ஒரே டப்பாவா ஆக்கிரலாம்னு தோணும், செய்யாதீங்க. திரிஞ்சு போன பால் மாதிரி ஆயிரும், அப்புறம் அத அடிக்கவும் முடியாது, காய வைக்கவும் முடியாது.

மொதல்ல அடிச்சு தீக்கப் பாருங்க

பெயிண்ட கழிக்கிறதுக்கு இருக்கிற நல்ல வழி அத சுவத்துல கழிக்கிறதுதான். ஒரு லிட்டர் எமல்ஷன் ரெண்டு கோட்டுக்கு சுமாரா அறுபது எழுபது சதுர அடி வரும். அப்பிடிப் பாத்தா மூணு லிட்டர்ங்கிறது ஒரு சின்ன ரூமோட ரெண்டு பக்க சுவரு, அவ்ளோதான். படிக்கட்டுச் சுவர், அலமாரிக்குள்ள, மாடிப்படிக்கு அடியிலயே கூட அடிச்சு விடலாம், கை வைக்கிற எடத்துல அழுக்கு படியும்லா, அங்க இன்னொரு கோட்டு. தண்ணி வகை எமல்ஷன் ரெண்டு மூணு கலர் கொஞ்சங் கொஞ்சமா கெடந்தா எல்லாத்தையும் ஒரே பக்கெட்டுல கலந்திரலாம், சாம்பலும் இல்லாம மண்ணும் இல்லாம ஒரு கலர் வரும், மோட்டார் ரூம் உள்பக்கத்துக்கு அது போதும். எக்ஸ்டீரியர உள்ள அடிக்காம இருக்கது நல்லது, அதுல பாசி புடிக்காம இருக்க மருந்து கூட இருக்கும், இன்டீரியர வெளிய அடிச்சா ஒரு மழைக்கு மேல தாங்காது. அதே மாதிரி மாட்டுத் தொட்டி, கழனித்தண்ணி வைக்கிற தொட்டி, தண்ணி டேங்க் உள்பக்கம், இதுக்கெல்லாம் மிஞ்சினத அடிச்சிராதீங்க. மாடு தொட்டியையும் தொழுவத்துச் சுவரையும் நக்கிக்கிட்டே நிக்கும், பாத்திருப்பியள்லா.

நமக்கு வேண்டாட்டி கேக்க ஆள் உண்டு. நம்ம பக்கம் கோயில் கொடை விழாவுக்கு முன்னால எல்லா ஊர்லயும் மாடன் கோயில் சுவருக்கும் பீடத்துக்கும் பெயிண்ட் அடிப்பாவ, வரி பிரிச்சுதான் அந்த செலவ பாக்காவ. நான் அத்தான் ஊருக்கு, சேரன்மகாதேவி தாண்டி, போன் போட்டு அர டப்பா எக்ஸ்டீரியரும் ஒரு லிட்டர் எனாமலும் இருக்குன்னு சொன்னேன், சாயங்காலமே பைக்ல வந்து வாங்கிட்டுப் போயிட்டாவ. பள்ளிக்கூடம், அங்கன்வாடி, தெருவுல யாராவது புதுசா கூரை மாத்துறவங்க, பெயிண்டர் அண்ணாச்சியே கூட வாங்கிக்குவாவ. குடுக்கும்போது தொறந்து ஒரு கிண்டு கிண்டி பாத்துட்டு குடுங்க. கூமுட்டை நாத்தம் அடிச்சா, இல்ல எவ்ளோ கிண்டுனாலும் தயிர் மாதிரி கட்டி கட்டியா நின்னா அது கெட்டுப் போச்சு, அத அடுத்தவங்க தலையில கட்டக் கூடாது.

தண்ணி பெயிண்ட காய வைக்கிறது

கெட்டுப்போனது, யாருக்கும் ஆகாதது, இத காய வச்சு கல்லாக்கித்தான் போடணும். தண்ணியா இருக்கிற வரைக்கும் அது ஓடும், காஞ்சு போச்சுன்னா ஓடாது, சூத்திரம் இவ்ளோதான். நம்ம ஊர் வெயிலுக்கு இது ஒரு பெரிய சோலியே இல்ல.

அடியில ஒரு விரக்கடை அளவு கெடந்தா மூடிய கழட்டி மச்சியில (மொட்டமாடியில) ஒரு ஓரமா வச்சிருங்க, அவ்ளோதான். மேல தோல் கட்டிக்கிட்டு உள்ள ஈரம் நிக்கும், ரெண்டு நாளைக்கு ஒருக்கா குச்சியால அந்தத் தோல கிழிச்சு விடணும். மழை வந்தா மூடுங்க, இல்லாட்டி டப்பா நெறஞ்சு வழிஞ்சு மச்சித் தண்ணி குழாய் வழியா தெருவுக்கு வந்துரும். ஐப்பசி கார்த்திகையில இந்த வேலைய ஆரம்பிக்காதீங்க. தை மாசம் அறுப்பு முடிஞ்சு வெயில் ஏறும்போது இல்ல சித்திரையில செஞ்சா சீக்கிரம் முடியும்.

லிட்டர் கணக்குல இருந்தா வெறுமன வச்சா மாசக்கணக்கா ஆகும். அதுக்கு எதையாவது கலக்கணும். வெளிநாட்டு வீடியோல பூனைக்கு போடுற மணல் வாங்கிக் கலக்குறாங்க, நமக்கு அதுக்கு அவசியமே இல்ல, உமி, மரத்தூள், தென்னைநார் கழிவு, எம்சாண்ட், எது கெடைக்கோ அது. நான் நாலையும் செஞ்சு பாத்தேன். எம்சாண்ட் கலந்தா காஞ்சப்புறம் தூக்க முடியாத கனம், குப்பைக்காரக்கா திட்டுவாவ. உமி மேலேயே மெதக்குது, ரொம்ப நேரம் கிண்டணும். தென்னைநார் கழிவுதான் ஜோரு, தண்ணிய சும்மா உறிஞ்சு எடுக்குது, நம்ம பக்கம் கயிறு திரிக்கிற எடத்துல கேட்டா சாக்கு நெறைய குடுப்பாவ. மரத்தூள் அதுக்கு அடுத்தது, ரம்பமில்லுல கெடைக்கும்.

செய்முறை இதுதான். வேலைக்கு வந்த பட்டி மூட்டை, சிமெண்ட் மூட்டை காலியா கெடக்கும்லா, அத ரெண்டு பக்கமும் கிழிச்சு விரிச்சு மச்சியில போட்டு, ஓரத்துல நாலு செங்கல் வச்சு கரை கட்டுங்க. அதுல நார்க்கழிவ ஒரு விரல் கனத்துக்கு பரத்தி, மேல பெயிண்ட பைய பைய ஊத்தி, பழைய கரண்டி இல்ல கொல்லத்துக்கரண்டியால பொரட்டணும். பெயிண்டும் தூளும் ஏறக்குறைய சமமா இருந்தா சரியா வரும், புட்டு மாவு பதம்னு வச்சிக்கிடுங்க, கையில புடிச்சா நிக்கணும், பிழிஞ்சா தண்ணி வரக்கூடாது. கையில உறை போட்டுக்கிடுங்க. ஒரு அங்குலத்துக்கு மேல கனமா பரத்துனா உள்ள காயாது. அப்பப்ப பொரட்டி விட்டா ஒரு வாரம் பத்து நாள்ல விரல் வச்சு அமுக்குனாலும் கறை ஒட்டாத அளவுக்கு காஞ்சிரும். நான் மூணு லிட்டர் வெள்ளைய இப்பிடி போட்டு ஆறாவது நாள் பாத்தேன், தேங்காய்ப்பூ பர்பி கணக்கா வெள்ளையா பாளம் பாளமா நிக்குது, நாலு வயசு மருமவன் ஓடிவந்து வாயில வைக்கப் போயிட்டான். ஆகையினால புள்ளையள் ஏறாத மச்சியில போடுங்க, இல்ல கதவ பூட்டுங்க. காஞ்சத அந்த மூட்டையோடயே சுருட்டிக் கட்டிரலாம். அத அடுப்புல வச்சு எரிக்கக் கூடாது, நார்தான தீ புடிக்கும்னு தோணும், ஆனா எரியிறது நாரு மட்டும் இல்ல, அதுல ஊறியிருக்க பிளாஸ்டிக்கும் சேந்துதான்.

பிரஷ் கழுவுன தண்ணி

மிஞ்சின பெயிண்ட விட இதுதான் ஊருக்குள்ள அதிகமா ஓடுது. வேலை நடக்கும்போது தினமும் சாயங்காலம் பெயிண்டர் அண்ணாச்சி பிரஷ்ஷையும் ரோலரையும் தெருக்குழாயில கழுவி ஓடையில விடுதாவ, ஓடை பூரா சந்தனக் கலர்ல போவுது. நான் சொன்னேன். "தம்பி, முப்பது வருசமா இப்பிடித்தான் கழுவுதேன், ஆறு என்ன வத்தியா போச்சு"ன்னாவ. எனக்கு அப்ப பதில் வரல. மறுநாள் ரெண்டு பழைய பக்கெட்ட எடுத்து வச்சு, "அண்ணாச்சி, இதுல மட்டும் கழுவுங்க, நான் பாத்துக்கிடுதேன்"னு சொன்னேன், ஒண்ணும் சொல்லாம செஞ்சாவ. அவங்களுக்கு எங்க கழுவணும்னு ஒரு எடம் காமிச்சிட்டா பிரச்சனையே இல்ல, நாமதான் காமிக்கிறது கிடையாது.

முதல்ல பிரஷ்ஷ சுவர்லயோ பழைய பேப்பர்லயோ இழுத்து இழுத்து துடைக்கணும், பாதி பெயிண்ட் அதுலயே போயிரும். அப்புறம் முதல் பக்கெட்டுல ஒரு அலசு, ரெண்டாவதுல ஒரு அலசு. மறுநாள் காலையில பாத்தா முதல் பக்கெட்டுல பெயிண்ட் அடியில எறங்கத் தொடங்கியிருக்கும். கொஞ்சம் படிகாரம் கரைச்சு ஊத்துனா இன்னும் சீக்கிரம் எறங்குது, ஆத்துல கலங்கல் தண்ணி வந்தா நம்ம ஆளுக செய்வாங்களே, அதே வித்தை. மேல தெளிஞ்ச தண்ணிய அடுத்த நாள் முத அலசுக்கே திரும்ப வச்சிக்கலாம், கடைசி நாள் மிஞ்சுறத அகலமான சட்டியில ஊத்தி வெயில்ல வச்சா வத்திப் போயிரும். அடியில எறங்குன கஞ்சிய மேல சொன்ன நார்க்கழிவோட சேத்துக்கிடுங்க. கெணத்துப் பக்கமும் போர் பக்கமும் இத ஊத்த வேண்டாம்.

எண்ணெய் பெயிண்ட், டர்பன்டைன், துணி

இதுலதான் கவனம் வேணும். எனாமல் டப்பா நல்லா மூடி வச்சா வருசக்கணக்கா கெடக்கும், அதனால இத கழிக்க அவசரப்படாதீங்க, அடிச்சு தீக்கவோ குடுக்கவோ பாருங்க, கிரில்லு, கேட்டு, சைக்கிள், தகர ட்ரங்குப் பெட்டி எதுக்காவது ஆகும். அடியில ஒட்டிக் கெடக்கிறது மட்டும்னா மூடிய தொறந்து மச்சியில, நெழல்ல, காத்தோட்டமா, அடுப்பு பீடி எதுவும் பக்கத்துல இல்லாத எடத்துல காய விடுங்க. ஏதாவது கலக்கணும்னா மணல் மட்டும் கலங்க. மரத்தூள், நார்க்கழிவு, உமி இதெல்லாம் எண்ணெய் பெயிண்டோட வேண்டாம், ஏன்னு சொல்லுதேன்.

ஆசாரி எங்க வீட்டு தலைவாசல் கதவுக்கு லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) போட்டு துடைச்சாவ, துடைச்ச துணிய எல்லாம் சுருட்டி ஒரு சாக்குல திணிச்சு தார்சா ஓரத்துல வச்சிட்டுப் போயிட்டாவ. மத்தியானம் ரெண்டு ரெண்டரை இருக்கும், என்னமோ வறுத்த எண்ணெ வாட அடிக்கேன்னு சாக்குக்குள்ள கைய விட்டேன், உள்ள இருக்க துணி கருப்பட்டி காப்பி டம்ளர் மாதிரி சுடுது. வெயில் அந்தப் பக்கம் படவே இல்ல. அந்த எண்ணெய் காயும்போது காத்தோட சேந்து சூடு உண்டாகும், விரிச்சு போட்டா அந்த சூடு பறந்துரும், சுருட்டி வச்சா உள்ளயே ஏறி ஏறி யாரும் தீக்குச்சி கிழிக்காமலே புடிச்சிரும். வார்னிஷ், எண்ணெய் பாலிஷ் துடைச்ச துணிக்கும் இதே கததான். அதனால துணிய சுருட்டவே கூடாது, வெளிய கொடியில ஒத்தையா விரிச்சு போட்டு மொடமொடன்னு காஞ்சப்புறம் எடுங்க, உடனே எடுத்து வைக்கணும்னா ஒரு தகர டப்பால தண்ணி ஊத்தி முக்கி மூடிருங்க. ராமையன்பட்டி குப்பைக் கிடங்குல தீ, புகைங்கிற செய்தி நமக்கெல்லாம் பழகிப் போச்சு, நாம வேற இத ஒரு பையில கட்டி அனுப்ப வேண்டாம்.

டர்பன்டைன கீழ கொட்டாதீங்க, அது திரும்ப ஆகும். பிரஷ் கழுவி கலங்குனத மூடி உள்ள கண்ணாடி பாட்டில்லயோ வந்த கேன்லயோ ஊத்தி ரெண்டு மூணு நாள் அசைக்காம வச்சா பெயிண்ட் எல்லாம் அடியில எறங்கி மேல தெளிவா நிக்கும், அத பைய இறுத்து வச்சிக்கிட்டா அடுத்த கழுவலுக்கு ஆச்சு. அடி மண்டிய மணல்ல கலந்து காய வைங்க. இந்த ஆவி காத்த விட கனம், தரையோட தரையா ஊர்ந்து போகும், அதனால அடுக்களை பக்கத்துலயோ சாமி ரூம் விளக்கு பக்கத்துலயோ தொறந்து வைக்கக் கூடாது.

இன்னொண்ணு, இத சொல்லாம விட முடியாது. தண்ணி பாட்டில்லயும் கலர் பாட்டில்லயும் டர்பன்டைன், தின்னர் ஊத்தி வைக்கிறது எல்லா வேலை நடக்கிற வீட்லயும் இருக்கு. எங்க வீட்லயும் ஜன்னல் திண்டுல வேலைக்கு வந்த பையன் தண்ணி பாட்டிலும் டர்பன்டைன் பாட்டிலும் ஒண்ணு போல பக்கத்துல பக்கத்துல நின்னுச்சு, மருமவனுக்கு நாலு வயசு, மூடிய திருகிட்டான், வாட அடிச்சதால மொகத்த சுளிச்சு வச்சிட்டான், தப்பிச்சோம். யாராவது குடிச்சிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, விரல விடுறது, உப்புத்தண்ணி குடுக்கிறது எதுவும் வேண்டாம். வயித்துல இருக்கத விட வாந்தியில ஏறி நுரையீரலுக்குள்ள போனாத்தான் ஆபத்து. அந்தப் பாட்டிலையும் கையில எடுத்துக்கிட்டு நேரா ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கோ பக்கத்துல எது இருக்கோ அங்கயோ ஓடுங்க.

ஸ்ப்ரே டப்பா காலியாகுற வரைக்கும் ஒரு பழைய அட்டையில அடிச்சு தீத்துருங்க. ஆணி வச்சு ஓட்டை போடுறது, தீயில போடுறது ரெண்டும் வேண்டாம், வெடிக்கும்.

பழைய வீட்ட சொரண்டுனா

டவுன்லயும் மேலப்பாளையத்துலயும் பழைய வளவு வீடுகள்ல கதவு, ஜன்னல் கம்பி எல்லாத்துலயும் ஏழெட்டு கோட்டு எனாமல் ஏறியிருக்கும், நகத்தால நோண்டுனா பச்சை, அதுக்கு அடியில நீலம், அதுக்கு அடியில காவின்னு வரும். அதுல ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்க்கு (பத்து லட்சத்துல 90 பங்குக்கு) மேல இருக்கக் கூடாதுன்னு நம்ம நாட்டுல சட்டம் போட்டதே 2016ல, அமலுக்கு வந்தது 2017 நவம்பர்ல. அதுக்கு முந்தி அடிச்சதுக்கு யாரு ஜவாப்பு. ஈயம் புள்ளையள் மூளை வளர்ச்சியத்தான் மொதல்ல புடிக்கும், மண்ணுல விழுந்தா மக்கவும் செய்யாது.

அதனால காஞ்ச உப்புத்தாள் போட்டு தேய்க்காதீங்க, தண்ணி தெளிச்சு தெளிச்சு நனைச்சு தேய்க்கச் சொல்லுங்க, தூசி பறக்காது. புளோ லாம்ப் வச்சு கருக்கி உரிக்கிறது வேகமாத்தான் இருக்கும், அந்தப் புகைய அந்த ஆசாரியும் நாமளும்தான் இழுக்கணும். கீழ தார்ப்பாய் விரிச்சு, உரிஞ்சு விழுந்தத எல்லாம் அதுலயே சுருட்டி, கெட்டியான பையில ரெண்டு மடிப்பா கட்டிருங்க. வெளக்கமாறு வச்சு கூட்டாதீங்க, ஈரத்துணியால துடைங்க. முருங்கை மூட்டுல கொட்டிராதீங்க.

பட்டி, சிமெண்ட் பெயிண்ட் இதுல பெருசா ஒண்ணும் இல்ல. மிஞ்சின தூள ஈரம் படாம கட்டி வச்சா ஆணி அடிச்ச ஓட்டை அடைக்க ஆகும், வேண்டாட்டி தண்ணி விட்டு பெசஞ்சு கட்டியாக்கி கட்டட இடிபாடோட சேத்துருங்க. பட்டி கரைச்ச சட்டிய மட்டும் அங்கணத்துல கழுவாதீங்க, குழாய்க்குள்ள போயி கல்லாயிரும், எங்க சித்தப்பா வீட்ல தரைய ஒடச்சு குழாய மாத்துனாவ.

டப்பாவும் குப்பைக்காரக்காவும்

இருபது லிட்டர் பக்கெட்டுக்கு நம்ம வீடுகள்ல எப்பவும் அடிபுடிதான். உள்ள கம்பெனிக்காரங்க பெயிண்டருக்குன்னு வைக்கிற டோக்கன மட்டும் பெயிண்டர் எடுத்துக்கிடுவாவ, பக்கெட் நமக்கு. எமல்ஷன் பக்கெட்ட காய வச்சு உரிச்சா பெயிண்ட் ஏடா வந்துரும், அப்புறம் துணி ஊற வைக்க, வீடு தொடைக்க, செடி வைக்க தாராளமா எடுத்துக்கலாம். குடிதண்ணி, அரிசி, மாவு இதுக்கு வேண்டாம், எவ்ளோ கழுவுனாலும். எண்ணெய் பெயிண்ட் இருந்த தகர டப்பாவ எதுக்கும் எடுக்காதீங்க, உள்ள நல்லா காஞ்சப்புறம் பழைய இரும்புக் கடையில போட்டுரலாம், மூடிய தனியா கழட்டி குடுங்க, அப்பத்தான் காலிதான்னு அவங்களுக்குத் தெரியும்.

காஞ்ச கட்டி, சொரண்டுன செதில், யாரும் வாங்காத எனாமல் இதெல்லாம் சாதா குப்பையோட போகக் கூடாது. 2016ல வந்த திடக்கழிவு விதிகள்லயே மக்குறது, மக்காதது போக வீட்டு அபாயக் கழிவுன்னு மூணாவதா ஒண்ணு தனியா பிரிக்கணும்னு இருந்துச்சு, அந்தப் பட்டியல்ல மொத ஆளே பெயிண்ட் டப்பாதான், அப்புறம்தான் பூச்சி மருந்து டப்பா, டியூப்லைட், காலாவதி மாத்திரை, பேட்டரி எல்லாம். தெருவுல, ஓடையில, தண்ணியில போடுறது, எரிக்கிறது, பொதைக்கிறது எல்லாமே தப்புன்னும் அதுலயே இருந்துச்சு. ஆலைக் கழிவுன்னா கும்மிடிப்பூண்டியில அதுக்குன்னே எடம் வச்சு பொதைக்காங்க, நாம அர லிட்டர தூக்கிக்கிட்டு அங்க போக முடியுமா, வாசலுக்கு வர்ற தூய்மைப் பணியாளர்ட்ட தனியா, கையில குடுக்கணும், அதுதான் நமக்கு வழி. சாதா குப்பைப் பைக்குள்ள பொதிஞ்சு வச்சு குடுக்காதீங்க. வண்டியில அமுக்கும்போது டப்பா மூடி தெறிச்சா அவங்க மூஞ்சியிலதான் அடிக்கும். எங்க தெருவுக்கு வர்ற அக்காட்ட "அக்கா, இது பெயிண்ட், காஞ்சிருக்கு, இது எண்ணெ பெயிண்ட், காயல, மூடி எறுக்கியிருக்கேன்"னு பிரிச்சு காமிச்சேன். பாத்துட்டு, "எல்லாரும் இப்பிடி சொல்லிக் குடுத்தா கைய எரிச்சுக்க வேண்டாம்லா தம்பி"ன்னு சொல்லி தனி சாக்குல போட்டுக்கிட்டாவ. கிராமத்துல இருக்கவங்க பஞ்சாயத்து தூய்மைக் காவலர்ட்ட இதே மாதிரி சொல்லுங்க, குடுக்க முடியாட்டி எண்ணெய் டப்பாவ மூடி பத்திரமா வச்சிக்கிடுங்க, எங்கயும் பொதைக்காதீங்க.

வச்சிக்கிறதுக்கும் ஒரு மொற இருக்கு. பாதி காலியான டப்பாக்குள்ள இருக்க காத்துதான் பெயிண்ட கெடுக்கும், அதனால சின்ன டப்பாவுக்கு மாத்துங்க, விளிம்ப துடைச்சு, ஒரு பாலிதீன் கவர விரிச்சு, மேல மூடிய வச்சு கட்டைய வச்சு சுத்தி சுத்தி தட்டுங்க. சுத்தியல நேரா மூடியில போட்டா நெளிஞ்சிரும். மேல மார்க்கர்ல கலர் நம்பர், எந்த ரூம், எந்த மாசம்னு எழுதிருங்க, நம்பர் இருந்தா கடையில மெசின்ல அதே கலர் கலந்து தருவாவ. வெள்ளத்துல பட்டவன் சொல்லுதேன், தரையில வைக்காதீங்க, பரண்ல வைங்க, அடுக்களைக்கு மேல இருக்க பரண் மட்டும் வேண்டாம்.

எங்க வீட்ல இப்ப பதினோரு டப்பால ரெண்டுதான் நிக்கு. கருப்பு எனாமல் ஒண்ணு, சந்தனம் ஒரு லிட்டர் டப்பா ஒண்ணு, மேல "பட்டாசல், ஆவணி"ன்னு அம்மா கையெழுத்து. கல்யாணத்தன்னைக்கு பந்தக்காரங்க பீரோவ நகத்தும்போது சுவர்ல முழ நீளத்துக்கு கீறி விட்டாவ, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு, அம்மா பட்டுச்சேலையோட ஸ்டூல் போட்டு ஏறி அந்த டப்பாவத்தான் எறக்குனாவ.